செலக்ட் ஆல்

போன சனிக்கிழமை காலை. என் இடது காதில் பேராசிரியர். வலது காதில் வசந்தா சிஸ்டர்.

இடது காதில் இருந்தது இயர்போன். எம்.எஸ்ஸி. ஹெல்த் இன்ஃபர்மேட்டிக்ஸ், இரண்டாம் ஆண்டு, ஆன்லைன் வகுப்பு. வலது பக்கம் நேரிலேயே வந்து நின்றவர் எங்கள் ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டியின் சீனியர் நர்ஸ். ‘வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம்’ என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். அது பொய்யில்லை. ஒரு காது அங்கே, ஒரு காது இங்கே... அவ்வளவுதான்.

“மேடம், கொஞ்சம் கீழ வர்றீங்களா?”

“கிளாஸ் ஓடுது சிஸ்டர். ஒரு பதினஞ்சு நிமிஷம்.”

“பதினஞ்சு நிமிஷம் தாங்காது மேடம். ஒரு அம்மா வந்திருக்காங்க. கர்ப்பப்பை எடுத்தாச்சுன்னு கம்ப்யூட்டர் சொல்லுது. இருக்குதுன்னு அவங்க சொல்றாங்க.”

நான் எழுந்தேன். இயர்போனைக் கழற்றக்கூட மறந்துவிட்டேன்.

கீழே போவதற்குள் முன்கதையைச் சொல்லிவிடுகிறேன். நான் பள்ளிக்கரணைப் பக்கம் ஒரு நடுத்தர ஆஸ்பத்திரியில் மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் இன்சார்ஜ். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். நோயாளிகளின் ஃபைல்களைப் பத்திரமாக வைத்திருந்து, கேட்கும்போது எடுத்துக் கொடுக்கும் வேலை. முன்பு பேப்பர், இப்போது கம்ப்யூட்டர்.

எனக்கு ஒரு வியாதியும் உண்டு. என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியாது. ஹிந்தி வகுப்பு, கேக் வகுப்பு, மூன்று மாத ஷேர் மார்க்கெட் கோர்ஸ் — எல்லாவற்றிலும் சேர்ந்தேன். எதையாவது முடித்தேனா? யோகாவில் சவாசனம் என்று சொல்லிச் சும்மா படுக்கச் சொன்னார்கள். எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அதனால்தான் எம்.எஸ்ஸி.யில் சேர்ந்தேன் என்றதும் என் வீட்டுக்காரர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “இது எத்தனை நாளைக்கு?”

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இதை முடித்தே தீருவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

படிப்பும் பிடித்துப்போனது. நோயாளியின் விவரங்களைக் கம்ப்யூட்டரில் எப்படிச் சேர்ப்பது, டாக்டருக்குத் தேவைப்படும் அந்த நிமிஷத்தில் எப்படிக் கண் முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது... இதுதான் பாடம். என்னோடு படிப்பவர்களில் ஒரு பல் டாக்டர், படப்பையில் மெடிக்கல் ஷாப் வைத்திருப்பவர், சாஃப்ட்வேர் கம்பெனிப் பிள்ளைகள் சிலர். எல்லோரையும் விட மூத்தவள் நான். பேராசிரியருக்கு என் தம்பி வயது. அவர் என்னை மேடம் என்பார், நான் அவரை சார் என்பேன்.

கடைசி செமஸ்டரில் ஒரு ப்ராஜெக்ட் செய்ய வேண்டும். நான் எடுத்துக்கொண்டது எங்கள் ஆஸ்பத்திரியின் தீராத தலைவலியை. ஒரே ஆளுக்கு இரண்டு, மூன்று ஃபைல் இருக்கும். காய்ச்சலுக்கு வந்தபோது ஒரு நம்பர், கால் பிசகி வந்தபோது பழைய சீட்டைக் கொண்டுவராததால் இன்னொரு நம்பர். டாக்டர் ஒரு ஃபைலைப் பார்ப்பார், முக்கியமான ரிப்போர்ட் இன்னொன்றில் தூங்கிக்கொண்டிருக்கும்.

தீர்வும் நானே எழுதினேன். பெயர், இனிஷியல், பிறந்த தேதி, போன் நம்பர் — நான்கும் ஒன்றாக இருந்தால் கம்ப்யூட்டர் அந்த இரண்டு ஃபைலையும் ஜோடியாகக் காட்டும். ஒரு மனுஷி உட்கார்ந்து இரண்டையும் திறந்து படித்து, ஒரே ஆள்தான் என்று தெரிந்தால் டிக் போட வேண்டும். டிக் போட்டதும் இரண்டும் ஒன்றாகிவிடும். விவரங்களில் முரண்பாடு வந்தால் கடைசியாக எழுதியது நிற்கும்.

அந்த மனுஷி நான்தான். முதல் இருநூறு ஜோடியைத் திறந்து படித்துத்தான் டிக் போட்டேன். சத்தியமாக. அத்தனையும் சரியாகவே இருந்தன. மூன்றாவது நாள் கால் தரையில் நிற்கவில்லை. எழுந்தேன், ஜன்னலில் சதுப்பு நிலத்துப் பறவைகளைப் பார்த்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். இன்னும் நானூறு ஜோடி மிச்சம். எப்படியும் சரியாகத்தானே இருக்கப் போகிறது?

திரையின் மேலே ஒரு பட்டன் இருந்தது. ‘செலக்ட் ஆல்’.

இரண்டு முறை டீ குடிக்கப் போனேன். மூன்றாவது முறை திரும்பி வந்து அழுத்திவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமையோடு இது நடந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை வண்டலூர் பக்கம் இருக்கும் எங்கள் காலேஜில் பிரசன்டேஷன். டூப்ளிகேட் ஃபைல்கள் மளமளவென்று குறைவதைக் காட்டும் பச்சைக் கலர் கிராஃப் ஒன்றைப் போட்டு வைத்திருந்தேன். வீட்டுக்காரரிடம் நாலு தடவை காட்டியாகிவிட்டது.

இனி கேஷுவாலிட்டி.

படுக்கையில் ஒரு அம்மாள். வலது பாதம் மினுமினுவென்று வீங்கியிருந்தது. கடலோரக் குப்பத்திலிருந்து வந்திருக்கிறார், மீன் விற்பவர். கூடையில் கை விட்டபோது கெளுத்தி தவறிக் காலில் விழுந்து முள் ஏறிவிட்டது. நாலு நாள் மஞ்சள் பற்றுப் போட்டுப் பார்த்துவிட்டு, நடக்க முடியாமல் போனதும் ஆட்டோவில் வந்திருக்கிறார். ஆட்டோ ஓட்டி வந்த ஏழுமலை கட்டில் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். குப்பத்து ஆட்கள் யார் வந்தாலும் கொண்டுவந்து விடுபவர் என்பதால் எங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும்.

அந்த அம்மாள் என்னைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டார்.

“எம்மா, நீயே சொல்லு. நாலு புள்ளயும் எனக்கு சொகப்பிரசவம். வயித்துல கத்தி பட்டதே கெடயாது. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி கர்ப்பப்பைய எடுத்துட்டாங்கன்னு இந்தப் பொண்ணு சொல்லுது. யாரு எடுத்தது? என்னுது என்கிட்டதாம்மா கீது!”

பக்கத்துப் படுக்கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தவர் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. எதையோ தப்பாக டைப் செய்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு திரையைப் பார்த்தேன். எம். லட்சுமி. வயது நாற்பத்தைந்து. மருந்து ஒவ்வாமை: இல்லை.

அப்போதுதான் வசந்தா சிஸ்டர் கையில் இருந்த ட்ரேயைக் கவனித்தேன். ட்யூட்டி டாக்டர் எழுதியிருந்த ஆன்டிபயாடிக். பென்சிலின் வகை. டெஸ்ட் டோஸ் தயாராக இருந்தது.

“அம்மா, உங்களுக்கு எந்த ஊசியாவது ஒத்துக்காம போயிருக்கா?”

“பென்சிலினு!” என்றார் அவர். “இதே ஆஸ்பத்திரிலதான். சும்மா தொட்டுப் பாக்கறேன்னு துளியூண்டு குத்துனதுக்கே ஒடம்பெல்லாம் தடிச்சி, மூச்சு வாங்கி, மூணு நாளு பேஜாரா பூட்ச்சி. செத்துப் பொழச்சேன். ஃபைலு மேல செவப்பா ஒட்டிக்கூட வெச்சீங்களே? அது இன்னா ஆச்சு?”

வசந்தா சிஸ்டர் ஊசியைத் திரும்ப மூடினார். ட்ரேயை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அந்தச் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டியது என் செக்‌ஷன். அந்த விவரத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றியது நான். அது இன்னா ஆச்சு என்று எனக்கும் தெரியவில்லை.

ஏழுமலைதான் முதலில் கண்டுபிடித்தார். “மேடம், ஆபரேசன் பண்ணது சின்ன லட்சுமிக்கா. இவங்க பெரிய லட்சுமிக்கா. ரெண்டு பேரும் ஓரகத்திங்க. ஒரே வூடு.”

பெரியவர் கணவர் மணி. சின்னவர் கணவர் முருகன். இருவரின் மனைவிக்கும் இனிஷியல் எம். ஐந்து வருஷத்துக்கு முன்னால் அந்தக் குப்பத்தில் எங்கள் ஆஸ்பத்திரி ஒரு மருத்துவ முகாம் போட்டபோதுதான் இரண்டு பேருக்கும் நம்பர் கொடுத்திருக்கிறார்கள். வயது கேட்டதற்கு, “நாப்பது போட்டுக்கோ” என்று பெரியவர் சொல்லியிருக்கிறார். பின்னால் வரிசையில் நின்ற சின்னவர், “எனக்கும் அதேதான்” என்றிருக்கிறார்.

பிறந்த தேதி தெரியாதவர்களுக்கு எங்கள் ஆஸ்பத்திரியில் ஜனவரி ஒன்று. நடப்பு வருஷத்திலிருந்து வயதைக் கழித்துப் போட்டுக்கொள்வோம். இந்த வழக்கத்தைக் கற்றுக்கொடுத்த மகராசி யார் தெரியுமா? சாஃப்ட்வேர் வந்த புதிதில் ரிசப்ஷன் பெண்களிடம், “தேதி தெரியலைன்னா ஜனவரி ஒண்ணு போடுங்க, க்யூவ நிறுத்தாதீங்க” என்று அவசரப்படுத்தியது நானேதான்.

“அது சரி ஏழுமலை... போன் நம்பர் எப்படி ரெண்டு பேருக்கும் ஒண்ணா இருக்கு?”

“அது என் நம்பரு மேடம். குப்பத்துல யாரு ஆஸ்பத்திரிக்கு வந்தாலும் என் நம்பர்தான் குடுப்பாங்க. ஆம்பளைங்க கடலுக்குப் போயிட்டா போன் எடுக்க முடியாது. பொம்பளைங்க மார்க்கெட்ல கீறாங்க. நான்னா எப்பவும் எடுப்பேன்.”

பெயர், இனிஷியல், பிறந்த தேதி, போன் நம்பர். நான்கும் ஒன்று. என் விதிப்படி இரண்டு பெண்களும் ஒரே பெண். பெரியவரின் ஒவ்வாமை நாலு வருஷத்துக்கு முந்தையது. சின்னவருக்கு ‘ஒவ்வாமை இல்லை’ என்று எழுதியது இரண்டு வருஷத்துக்கு முன், ஆபரேஷனின்போது. கடைசியாக எழுதியது நின்றுவிட்டது. அந்த ஜோடியை ஒரு தடவை திறந்து பார்த்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். திறக்கவே இல்லையே.

அன்றைக்கு அந்த அம்மாளைக் காப்பாற்றியது என்ன? ஊசி போடுவதற்கு முன் திரையில் இருப்பதை நோயாளிக்கு ஒரு தடவை சத்தமாகப் படித்துக் காட்டுவது வசந்தா சிஸ்டரின் பழக்கம். அவ்வளவுதான். அவசரமான ஒரு நர்ஸ் அன்றைக்கு ட்யூட்டியில் இருந்திருந்தால்... வேண்டாம், அதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை.

டாக்டர் வேறு மருந்து எழுதினார். நான் பெரிய லட்சுமியிடம் போய் உண்மையைச் சொன்னேன். “தப்பு என்னுதும்மா. உங்க ரெண்டு பேர் ஃபைலையும் நான்தான் ஒண்ணா சேர்த்துட்டேன்.”

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் ஏழுமலையைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

“என்னையும் அவளையுமா? ரெண்டு வருசமா எங்களுக்குள்ள பேச்சே கெடயாது. அடுப்பே தனித்தனி. எங்க மாமியாரு கெஞ்சிப் பாத்துகினு கெடக்குது, நடக்கல. நீ இங்க குந்திகினே சேத்து வெச்சிட்டியா?”

அந்த நேரம் பார்த்து என் இடது காதில் பேராசிரியர். “மேடம், நாளைக்கு ஸ்லைட்ஸ் ரெடிதானே?”

“ரெடி சார்” என்றேன். அன்றைக்கு நான் சொன்ன முதல் பொய்.

மேலே ஓடினேன். ஐ.டி. ஆட்களைக் கூப்பிட்டு, நான் மொத்தமாக டிக் போட்ட நானூறு ஜோடியையும் பழையபடி பிரிக்கச் சொன்னேன். பிறகு ஒவ்வொன்றாகத் திறந்தேன். மத்தியானச் சாப்பாடு டப்பாவிலேயே ஆறிப்போனது. சாயங்காலம் ஆறு மணிக்கு முடித்தபோது பதினொரு ஜோடி தேறியது. ஒன்றாகவே ஆகக் கூடாத பதினொரு ஜோடி. இருபத்திரண்டு மனிதர்கள். நல்லவேளையாக, அந்த மூன்று வாரத்தில் அவர்களில் ஆஸ்பத்திரிக்கு வந்தது பெரிய லட்சுமி மட்டும்தான். மெடிக்கல் சூப்பரின்டெண்டன்ட்டுக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பிவிட்டுக் கிளம்பினேன்.

கிழக்குத் தாம்பரம் வீட்டுக்கு வந்தும் உட்கார முடியவில்லை. மொட்டை மாடியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். வீட்டுக்காரர் காபியோடு மேலே வந்தார்.

“ஃபைலெல்லாம் சரி பண்ணிட்டல்ல?”

“பண்ணிட்டேன்.”

“அப்புறமென்ன? நாளைக்கு அந்தப் பச்சை கிராஃபைக் காட்டு. மார்க் வாங்கு. ஆஸ்பத்திரி விஷயம் ஆஸ்பத்திரியோட.”

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வாழ்க்கையில் ஒன்றையாவது முடிக்கட்டுமே என்கிற ஆசை அவருக்கு. எனக்கும் அதே ஆசைதான்! பட்டமளிப்புக்குக் கட்ட ஒரு பட்டுப்புடவைகூட எடுத்து வைத்திருந்தேன். கிட்டத்தட்ட இரண்டு வருஷமாக ஒரு சனி ஞாயிறுகூட எனக்கென்று இருந்ததில்லை. ஒரு ஸ்லைடைக் காட்டாமல் விட்டால் என்ன குடிமுழுகிவிடும்?

மறுநாள் காலை ரயிலில் கிளம்பினேன். தாம்பரத்திலிருந்து வண்டலூர் இரண்டே ஸ்டேஷன். பெருங்களத்தூர் வருவதற்குள் ஒரு முடிவு, வண்டலூர் வருவதற்குள் வேறு முடிவு. உட்கார இடம் இருந்தும் கதவோரம் நின்றே போனேன். லேப்டாப் பையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு எத்தனை முறை மாற்றினேன் என்று தெரியாது. அந்த அம்மாளின் சிரிப்புதான் திரும்பத் திரும்ப வந்தது. இன்னொரு ஆஸ்பத்திரியில் இன்னொருத்தி என் பச்சை கிராஃபை நம்பி, என் விதியை எடுத்துப் போட்டு, அதே பட்டனை அழுத்தினால்?

காலேஜ் காம்பவுண்டில் ஒரு சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து முதல் ஸ்லைடை மாற்றினேன்.

பெயரைச் சொல்லாமல் பெரிய லட்சுமி கதையைச் சொன்னேன். கர்ப்பப்பை வரும் இடத்தில் வகுப்பு சிரித்தது. பென்சிலின் வந்ததும் பல் டாக்டர் கையில் இருந்த போனைக் கீழே வைத்தார். சாஃப்ட்வேர் பையன்களில் ஒருவன், “ஆன்ட்டி, இது அல்காரிதம் ப்ராப்ளம்தான், உங்க மிஸ்டேக் இல்ல” என்று பாசத்தோடு காப்பாற்றப் பார்த்தான்.

பேராசிரியர் விடவில்லை. “டிக் போடறதுக்கு முன்னாடி ரெண்டு ஃபைலையும் ஒருத்தர் படிக்கணும்னு உங்க மெத்தடாலஜிலயே இருக்கே மேடம்?”

“இருக்கு சார். நான்தான் எழுதினேன்.”

“படிச்சீங்களா?”

“முதல் இருநூறு படிச்சேன்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கும் சங்கடம். “நீங்க சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது மேடம். ஆனா சொன்னதுக்கப்புறம் இதை என்னால பாஸ் பண்ண முடியாது. அடுத்த செமஸ்டர்ல திருப்பிப் பண்ணுங்க.”

“சரி சார்” என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன். ரொம்ப நாளைக்கப்புறம் எழுந்திருக்கத் தோன்றவில்லை. அழுகை வந்தது. பல் டாக்டர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

வீட்டில் சொன்னேன். வீட்டுக்காரர் காலண்டரைப் புரட்டி மாசங்களை எண்ணினார். பிறகு, “அப்போ இன்னும் ஆறு மாசத்துக்கு சனி ஞாயிறு குக்கர் நான்தானா?” என்றார். விட்டுவிடு என்று அவர் சொல்லவில்லை பாருங்கள்... எனக்கு அது போதும்.

நான் யோசித்துப் பார்க்கிறேன். எதையாவது எதோடாவது இணைத்துக்கொண்டே இருக்கிற காலமாக இது ஆகிவிட்டது. இந்த நம்பரை அந்த நம்பரோடு இணை, அந்தக் கார்டை இந்தக் கணக்கோடு இணை. இணைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நமக்கு ஒரு திருப்தி. இணைக்கப்படுகிறவரை ஒரு வார்த்தை கேட்கலாமே என்று யாருக்கும் தோன்றுவதில்லை. கேட்டால் க்யூ நின்றுவிடும். க்யூ நிற்பது எனக்கு மட்டும்தான் பொறுக்காது என்று நினைத்திருந்தேன். ஊருக்கே பொறுக்கவில்லை.

திங்கட்கிழமை மெமோ வந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் மெமோ. நியாயமான மெமோதான். பதினொரு ஜோடியிலும் இருக்கிற ஒவ்வொருவரையும் தனித்தனியாக வரவழைத்து, விவரங்களை நேரில் கேட்டுச் சரிபார்த்துக் கையெழுத்து வாங்க வேண்டும் என்று உத்தரவு.

பெரிய லட்சுமி எங்கள் வார்டிலேயே இருக்கிறார், வீக்கம் வடிந்துகொண்டிருக்கிறது. அவர் விவரத்தைப் படுக்கை ஓரத்தில் உட்கார்ந்தே எழுதி வாங்கிவிட்டேன். உட்கார்ந்தே! முழுசாக முக்கால் மணி நேரம். சிவப்பு ஸ்டிக்கரும் கம்ப்யூட்டரில் அதன் இடத்துக்கு வந்தாகிவிட்டது. அடுத்தது சின்ன லட்சுமி. யோசிக்காமல், திரையில் இருந்த நம்பரைப் பார்த்து டயல் செய்தேன்.

ரிங் போனது. எடுத்ததும் ஹாரன் சத்தம்.

“ஹலோ, ஆஸ்பத்திரியிலேர்ந்து பேசறேன். லட்சுமி அம்மாகிட்ட பேசணும்.”

“சொல்லு மேடம், ஏழுமலைதான்” என்றது குரல். “எந்த லட்சுமிக்கா? பெரியவங்களா, சின்னவங்களா?”

இருபத்திரண்டு வருஷ சர்வீஸும் இரண்டு வருஷ எம்.எஸ்ஸி.யும் கேட்காத கேள்வியை, மனுஷன் சிக்னலில் நின்றபடி கேட்டுவிட்டார்!